டீனுக்கு ஒரு கோல்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எனக்குத் தெரியாத இடங்களில் நான் சமாளிக்கும்போது நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில், அட்டைப்பெட்டி தூக்குகிறவன் நான். பெயர் கோதண்டபாணி. நாற்பத்தெட்டு வயது வரை எனக்குப் படிக்கத் தெரிந்ததெல்லாம் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சைஸ் நம்பர்தான். அப்புறம் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர் அமிர்தவள்ளி, மதியச் சாப்பாடு போக மிஞ்சும் நேரத்தில், கேன்டீன் மேசையில் எங்களில் சிலரை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். என் மகள் வயதுதான் அவளுக்கு. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கொம்பு போட மறந்தால் மட்டும் அந்த அண்ணேயில் கொஞ்சம் பிரம்பு இருக்கும்.

போன மாதம், தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதி வரச் சொன்னாள். மற்றவர்கள் அம்மாவைப் பற்றி எழுதினார்கள். நான் இங்கிலாந்தில் நாலாவது டிவிஷனில் பந்தாடிய ஒரு டிஃபென்டரைப் பற்றி எழுதினேன்.

"இன்னாண்ணே, உங்களுக்கு அம்மா இல்லியா?" என்றாள்.

இருந்தாள். ஆனால் அம்மாவை எழுதினால் அழ வேண்டியிருக்கும். நாளெல்லாம் பெட்டி தூக்கி ஓய்ந்த உடம்புக்கு அது வேறு எதற்கு? டீனை எழுதினால் சிரிக்கலாம்.

2

முதலில் எழுதிய ஆரம்பம் இது: "லண்டன் மாநகரில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. டீன் ஓல்ட்ராய்ட் ஜன்னலைத் திறந்து"

அத்தோடு நிறுத்திவிட்டேன். டீன் லண்டனுக்குப் போனது நான் சென்னைக்குப் போனதைவிடக் கம்மி. அவர் ஊர் தார்ன்பரோ. அங்கே என்ன கொட்டும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆரம்பம்: "அவன் பிறக்கும்போதே பந்தை உதைத்துக்கொண்டு"

இதை அமிர்தவள்ளி அடித்துவிட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

மூன்றாவது: "டீன் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது அவர் மூக்கு ஏற்கெனவே உடைந்திருந்தது."

இது உண்மை. ஆகவே இது இருக்கட்டும்.

(அவனா, அவரா என்று ஒரு வாரம் குழம்பினேன். ஆபீசில் அவர் 'சார்'. கட்டிங் மேஸ்திரி சர்தார் பாஷாவுக்கு 'தீன் பாய்'. கதையில் அவர் என்றே போகட்டும். கடைசியில் அவர் செய்ததைப் பார்த்தால் அந்த 'ர்' அவருக்குச் சேர வேண்டியதுதான்.)

டீன் எங்கள் ஷூக்களை வாங்கும் இங்கிலாந்து கம்பெனியின் இன்ஸ்பெக்டர். கன்டெய்னர் ஏறுவதற்கு முன்னால் வருவார். அடுக்கிய பெட்டிகளில் இதை எடு, அதை எடு என்று கை காட்டுவார். நான் தூக்கி வந்து மேசையில் வைப்பேன். ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். தோல் சுருக்கம் விட்டால் ஓரமாக வைப்பார். ஓரத்தில் ஜாஸ்தி சேர்ந்துவிட்டால் மொத்த லாட்டும் திரும்பி உள்ளே வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும். அதனால் அவர் கட்டைவிரலைப் பார்த்தே எங்களுக்கு வியர்க்கும்.

3

அவர் வாழ்க்கையை எனக்குத் தமிழில் சொன்னது கட்டிங் செக்‌ஷன் மேஸ்திரி சர்தார் பாஷா. அவருக்கு இங்கிலீஷ் தெரியும், ஃபுட்பால் பைத்தியம். டீன் நீளமாக ஏதாவது சொல்வார், பாய் அதைச் சுருக்கிக் கொடுப்பார். சில சமயம் டீன் சுருக்கமாகச் சொல்ல, பாய் நீட்டிக் கொடுப்பார். எது எவருடையது என்று பிரிக்க என்னால் ஆகவில்லை. நீங்களும் பிரிக்க வேண்டாம்.

பதினாறு வயதில் தார்ன்பரோ டவுன் கிளப்பில் சேர்ந்தார். சீனியர்களின் பூட்ஸைத் துடைப்பதுதான் முதல் வேலை. (அப்போதே நம்ம தொழிலுக்கு வந்துவிட்டார் என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.) அங்கே டிவிஷன் என்பது நம் தோல் செலக்‌ஷன் மாதிரி. முதல் தரம், இரண்டாம் தரம் என்று இறங்கிக்கொண்டே போகும். டீன் நாலாம் தரத்தில் ஆடினார், நடுவில் ஐந்துக்கு இறங்கினார், மறுபடி நாலுக்கு ஏறினார். கிளப்பில் ஆள் ஜாஸ்தியானால் அவரை இன்னொரு கிளப்புக்குச் சில மாதம் அனுப்புவார்கள். இதை விளக்கப் பாய் சிரமப்பட்டார். எனக்குச் சிரமமே இல்லை. ஆர்டர் இல்லாதபோது என்னையும் பக்கத்து யூனிட்டுக்கு அப்படித்தான் அனுப்புவார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

பனிக்காலத்தில் பந்து, வெயில் காலத்தில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஒருமுறை ஏதோ கோப்பைப் போட்டியில் பெரிய கிளப் ஒன்று அவர்கள் ஊருக்கே வந்துவிட்டது. டிவியில் வருகிற ஸ்டார் ஒருவனை டீன் முழு ஆட்டமும் நகரவிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்த ஸ்டார் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தானாம். டீனுடைய அம்மா அதை வெந்நீரில் துவைத்துவிட்டார். இப்போது அது மூன்று வயதுக் குழந்தைக்குத்தான் பத்தும்.

பதினேழு வருஷம் ஆடி, ஆட்டத்தை விட்ட பிறகு ஷூ கோடவுனில் வேலை, அப்புறம் இன்ஸ்பெக்டர். பாய் ஒருநாள் கேட்டார், மொத்தம் எத்தனை கோல் என்று. டீன் ஒரு விரலும் காட்டவில்லை. அப்புறம் யோசித்து இரண்டு விரலைக் காட்டி, தோளுக்குப் பின்னால் சுட்டினார்.

"ரெண்டும் சொந்த கோல்ல போட்டதாம்" என்றார் பாய். "அது கணக்குல வராது."

4

இதுவரை படித்துவிட்டு அமிர்தவள்ளி எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து கேட்டாள்.

"பதினேழு வருஷம் ஆடி ஒரு கோல்கூட போடாதவன் கதைய எவன்ணே படிப்பான்?"

எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு கோலை நானே போட்டுக் கொடுத்தால் என்ன? கதைதானே? "தொண்ணூறாவது நிமிடம். டீன் மின்னலைப் போலப் பாய்ந்து" என்று எழுதிப் பார்த்தேன். டீன் மின்னல் மாதிரி எங்கேயும் பாய மாட்டார். பிரியாணிக்குக்கூட அவர் நடந்துதான் போவார்.

அதற்குள் சேதி வந்தது. இனிமேல் இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் வீடியோவில்தானாம். டீனுக்கு இதுதான் கடைசி வருகை.

எங்கள் கம்பெனியில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, அவருக்கு என்ன இல்லை என்று முதலில் விசாரிப்போம். இல்லாததைத்தான் கொடுப்போம். வாட்ச்மேனுக்கு சைக்கிள் இல்லை, சைக்கிள் கொடுத்தோம். கேன்டீன் கமலத்துக்கு மிக்சி இல்லை, மிக்சி. டீனுக்கு என்ன இல்லை என்று பேசினோம். ஷூ வேண்டாம், அவர் பார்க்காத ஷூவா? சால்வை போர்த்தினால் வெயிலில் மயங்கிவிடுவார்.

கடைசியில் சர்தார் பாஷாதான் சொன்னார்: "அந்தாளுக்கு இல்லாதது ஒண்ணுதான். ஒரு கோல்."

5

பாலாற்றங்கரை மைதானம். கட்டிங் செக்‌ஷனுக்கும் பேக்கிங் செக்‌ஷனுக்கும் மேட்ச். டீன் கட்டிங் பக்கம். எங்கள் பக்கம் கோல்கீப்பர் நான். ஓட முடியாதவனைக் கோலில் நிறுத்துவது எங்கள் செக்‌ஷன் வழக்கம். விசில் அமிர்தவள்ளி கையில். அவளுக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் விசிலை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

திட்டம் சுலபம். டீன் பந்தோடு வந்தால் விலகிவிட வேண்டும். நான் பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும்.

நாங்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அவர் டிஃபென்டர். எங்கள் ஆட்களிடமிருந்து பந்தை எடுத்தார், எடுத்தபடியே இருந்தார். எடுத்ததும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றுகொண்டார். நடுக்கோட்டை அவர் தாண்டவே இல்லை. எங்கள் பத்துப் பேரும் ரெண்டாகப் பிரிந்து, நடுவில் சாமி தேர் போகிற அளவுக்கு வழி விட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த வழியில் ஒரு ஆடு போயிற்று.

பாய் பக்கத்தில் போய், முன்னால் போங்க என்று கெஞ்சினார். அது வேறு ஆளின் வேலை என்று டீன் சொல்லிவிட்டாராம்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இன்பராஜ் பொறுமை இழந்து, எங்கள் கோலுக்கு முன்னாலேயே பந்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அமிர்தவள்ளி விசில் அடித்தாள். பெனால்ட்டி. டீன்தான் அடிக்க வேண்டும் என்றும் அவளே சொல்லிவிட்டாள். விதியில் அப்படி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

6

டீன் பந்தை வைத்தார். நான் அப்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றேன், விழ வசதியாக.

அவர் என்னைப் பார்த்தார். ஷூவைப் பார்க்கிற அதே பார்வை. பந்தை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் நடந்து வந்தார். பாயும் பின்னாலேயே ஓடி வந்தார். டீன் மெதுவாகப் பேசினார். அன்று பாய் சுருக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பேசும்போது பாயின் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாரும் வழி உடறது அவருக்குத் தெரியுதாம், கோதண்டம். பதினேழு வருஷமா எவன் வந்தாலும் மறிச்சு நின்னதுதான் அவர் பொழப்பு. அவரையும் ஒருத்தன் மறிச்சு நின்னாத்தான் அது கோலாம். நீ நெஜமா பிடிக்கறதா இருந்தா அடிக்கறாராம். இல்லன்னா இப்படியே ரூமுக்குப் போறாராம்."

"பாய், பிடிச்சிட்டேன்னா?"

பாய் அதை டீனிடம் கேட்டார். டீன் சிரித்தார். கையை நீட்டினார்.

நான் கை கொடுத்தேன். அவர் கட்டைவிரல் என் புறங்கையை ஒருமுறை அழுத்தியது. பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அதுவரை விளையாட்டு. இனிமேல் அவர் கோல் இல்லாமல் விமானம் ஏறினால் அதற்குக் காரணம் நான். ஏமாற்றி விழுந்தால், கொடுத்த கை பொய்.

நேராக நின்றேன். என் முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. அவர் பின்னால் நடந்துபோய்த் திரும்பினார். ஓடி வந்து அடித்தார்.

7

பந்து கிளம்பிவிட்டது. இப்போது அது காற்றில் இருக்கிறது.

அமிர்தவள்ளி எழுதித் தந்த முடிவு: பந்து வலையில். (அங்கே வலை கிடையாது, இரண்டு மூங்கில்தான்.) எல்லோரும் டீனைத் தோளில் தூக்கிக்கொண்டு பைபாஸ் வரை போகிறார்கள்.

சர்தார் பாஷா சொன்ன முடிவு: நான் பிடித்துவிடுகிறேன். டீன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறார். "அதாம்பா ஃபுட்பாலு" என்றார் பாய்.

இருவரும் அன்று மைதானத்தில் இருந்தவர்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அப்படி இருந்தும் ஆளுக்கு ஒன்று தருகிறார்கள். இன்பராஜ் மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறான், அதில் அந்த ஆடு வருகிறது.

நான் நடந்ததையே எழுதிப் பார்த்தேன். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். கோல் என்று எழுதினால், பாவம், கிழவன் விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்போது அது டீனுடைய கோல் இல்லை, எங்கள் அன்பளிப்பு. பிடித்தேன் என்று எழுதினால், கோதண்டபாணி தன் கதையில் தன்னையே ஹீரோவாக்கிவிட்டான் என்பீர்கள். எப்படி எழுதினாலும் அந்த ஒரு பந்தை நாங்கள் இருவரும் நிஜமாக ஆடினோம் என்பதை நீங்கள் நம்பப்போவதில்லை. அமிர்தவள்ளி எனக்குக் கற்றுத்தந்த எழுத்து அத்தனையும் போட்டாலும் அதற்குப் போதவில்லை.

நான் விழுந்தேன். பந்து வந்த பக்கமே விழுந்தேன். முழங்கைத் தோல் போயிற்று. இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் இங்கே வந்து நில்லுங்கள். இரண்டு மூங்கிலுக்கும் நடுவில், கோட்டின் மேல், கொஞ்சம் முழங்காலை மடக்கி. எதிர் வெயில், கண்ணை இடுக்கிக்கொள்ளுங்கள். வருகிறவர் நல்ல மனுஷன், நாளைக்கு ஊருக்குப் போகிறவர், வாழ்க்கையில் ஒரு கோல் இல்லாதவர். எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெரிந்தும், மறியுங்கள்.