ஆல் என்றால் காலி

அந்த ஹோட்டலின் துணி அறையில் வேலை பார்க்க இங்கிலீஷில் இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும். ஒன்று 'ஆல்', இன்னொன்று 'சம்'. சூப்பர்வைசர் அம்மாள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓர் அறை எண்ணைச் சொல்லி "ஆல்!" என்று கத்தினால், தங்கியிருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், விரிப்பு, உறை, டவல், கால்மிதி எல்லாவற்றையும் உருவிப் போடு என்று அர்த்தம். "சம்!" என்றால் ஆள் இன்னும் இருக்கிறார், அழுக்கானதை மட்டும் மாற்று. இந்த இரண்டிலும் சித்தி புலி. 'ஆல்' காதில் விழுந்ததோ இல்லையோ, கட்டில் மொட்டையாக நிற்கும்.

சித்தி என்றால் யாருக்குச் சித்தி என்று கேட்பீர்கள். வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் புருஷனின் முதல் தாரத்துப் பெண். அவளுக்குப் பால்பல் விழுகிற வயதில் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் வந்தவள் இவள். சின்னவள் இவள் வயிற்றில் பிறந்தவள். பெரியவள் "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டது தெருவுக்குப் பரவி, ஹோட்டல் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம் என்பதால் நம் கதைக்கு அவனால் தொந்தரவில்லை.

சித்தியின் இங்கிலீஷ் வேடிக்கையாக இருக்கும். சூப்பர்வைசரிடம் "மை ஆல் டவல் வாஷிங்" என்பாள். தமிழில் 'என் எல்லா டவலும்' என்று சொல்கிறோமே, அப்படியே எடுத்துப் போட்டுவிடுவாள். பெரியவள்தான் சிரித்துத் திருத்துவாள். "மை முன்னாடி வராது சித்தி. ஆல் ஆஃப் மை. சம் ஆஃப் மை. முதல்ல எவ்வளவுன்னு சொல்லணும், அப்புறம்தான் யாரோடதுன்னு."

"நம்ம ஊர்ல முதல்ல யாருதுன்னுதான் கேப்பாங்க" என்று சித்தி முனகுவாள். ஆனாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டதுதான் வம்பாகப் போயிற்று.

பெரியவளுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்தது. அவளைப் பெற்றவளுக்கு ஓர் அக்காள் உண்டு, வேறு ஊரில் வசதியாக இருக்கிறவள். அந்தப் பெரியம்மா போன் போட்டு, லீவுக்கு வா, பிடித்துப்போனால் இங்கேயே தங்கிக் கல்லூரியில் சேர்ந்துகொள் என்று சொல்லியிருந்தாள். பெரியவள் "லீவுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். சித்தியும் "போயிட்டு வா" என்றாள். வந்துவிடுவாளா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள், வாயால் கேட்கவில்லை.

பெரியம்மாவின் மகளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. அதனால் அவளோடு பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். ஒரு சாயங்காலம் பெரியவள் கூடத்தில் நடந்துகொண்டே போனில் பேசினாள். சித்தி அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் தண்ணீர்ச் சத்தத்தில் போக, நாலே சொல் தெளிவாக வந்து விழுந்தது. "ஆல் ஆஃப் மை..." அப்புறம் "திங்ஸ்".

சித்திக்குக் கை ஓடவில்லை. ஆல் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது? ஆள் காலி. திரும்பி வருகிறவர்கள் யாராவது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார்களா?

மறுநாள் துணி அறையில் கூட வேலை செய்கிற 'வானொலி'யிடம் கொட்டினாள். நாள் முழுக்க ஒலிபரப்பு ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். இரண்டு பேரும் பெரிய விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள் வானொலி.

"என்னன்னு கேக்கறது? 'ஒரேயடியா போறியா'ன்னா, எப்ப போவேன்னு காத்திருந்த மாதிரி ஆயிடும். 'போகாதே'ன்னா, பெரியம்மா வீட்டு வசதியைக் கெடுக்கறா பாரு சித்திக்காரின்னு ஆயிடும். பெத்தவளா இருந்தா காதைத் திருகிக் கேக்கலாம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

"அதைத்தானே இத்தனை வருஷமா செய்யறேன்."

சொல்லிக்கொண்டே அவள் இழுத்த இழுப்பில் வானொலி ரெண்டடி முன்னால் வந்து விழப் பார்த்தாள். "உன் கோபத்தை என் தோள்பட்டையில காட்டாதே தாயே" என்றாள். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்புகிற நாளுக்கு முந்தின மத்தியானம் பெரியவள் தோழிகளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். சித்தி அரைநாள் விடுப்பு போட்டு வந்து அலமாரியைத் திறந்தாள். போகிறதுதான் போகிறாள், நன்றாகவே போகட்டும். அவள் பொருளில் பாதியைச் சித்தி வைத்துக்கொண்டாள் என்று அந்தப் பெரியம்மா வீட்டில் ஒரு பேச்சு வரக்கூடாது. ஒவ்வொரு துணியையும் இஸ்திரி போட்டு, ஹோட்டலில் மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். பழைய பள்ளிச் சீருடை, பரிசுக் கோப்பை, கம்பளி, அறுந்த செருப்பு, எதையும் விடவில்லை. நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பெட்டி மூடவில்லை.

"அம்மா, அக்கா தலைகாணியுமா?" என்றாள் சின்னவள்.

"எல்லாம்."

"அப்ப அக்கா வரவே மாட்டாளா?"

"தொணதொணக்காதே. பெட்டி மேல ஏறி உக்காரு."

தாயும் மகளுமாகப் பெட்டிமேல் உட்கார்ந்து பூட்டை அமுக்கும்போது பெரியவள் உள்ளே வந்தாள். திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டு காலி, கீழ்த்தட்டு காலி, கொக்கியில்கூட ஒன்றும் இல்லை. தலையணை போன கட்டிலைப் பார்த்தாள்.

"என்ன சித்தி இது?"

"உன் சாமான்தான். ஒண்ணு விடலை. நீயே பாத்துக்கோ" என்றாள் சித்தி. குரல் நடுங்காமல் சொன்னதில் அவளுக்கே கொஞ்சம் பெருமை.

பெரியவள் முகம் சுண்டிப்போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பா? யார் சொன்னா?"

"லீவுக்குப் போயிட்டு வரேன்னுதானே சொன்னேன். நீங்க மொத்தமா கட்டி அனுப்பறீங்களே. நான் இங்க இருக்கறது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமே சித்தி."

சித்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டியிலிருந்து துள்ளி எழுந்தாள். சின்னவள் சரிந்து கீழே விழுந்தாள். "அடிப்பாவி! நானா அனுப்பறேன்? நீதானே போன்ல சொன்னே, ஆல் ஆஃப் மை திங்ஸ்னு! என் காதால கேட்டேன்!"

பெரியவள் ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். "நாட்! நாட் ஆல் ஆஃப் மை திங்ஸ்னு சொன்னேன் சித்தி! எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து இங்கேயே இருந்துடுன்னு அவ சொன்னா. எல்லாம் இல்லை, ரெண்டு செட் துணி மட்டும்தான், லீவு முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டிருந்தேன்."

"அந்த 'நாட்' எங்கே போச்சு?"

"நீங்க குழாயைத் திறந்து விட்டிருப்பீங்க, அதோட போயிருக்கும்."

"காலேஜு?"

"இங்கேயே சேரப் போறேன். உங்ககிட்ட சொல்லலாம்னா, நாலு நாளா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தீங்க. பயமா இருந்துச்சு."

அப்பாடா என்று சித்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதும் பசிகூட எடுத்தது. ஒரே ஒரு 'நாட்' காதில் விழாததற்கு இத்தனை இஸ்திரியா என்று நினைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா மகளிடமிருந்தே போன் வந்தது. பெரியவள் சிரிப்பு அடங்காமல் நடந்ததைச் சொன்னாள். "ஒன் ஆஃப் மை மதர்ஸ் பேக்ட் ஆல் ஆஃப் மை திங்ஸ்!" இந்தத் தடவை குழாய் மூடியிருந்தது. முழுசாகக் கேட்டது.

போனை வைத்ததும் சித்தி மெதுவாகக் கேட்டாள். "பெட்டி கட்டினது நான் ஒருத்திதானே? நடுவுல எதுக்கு மதர்ஸ்? எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டு நீயே தப்பாப் பேசறியே."

"தப்பில்லை சித்தி. ஒன் ஆஃப் மைன்னா பின்னாடி பன்மைதான் வரணும். ஒருத்தி மட்டும் இருக்கறவங்க அப்படிச் சொல்லவே முடியாது. எனக்கு ரெண்டு அம்மா, நான் சொல்லலாம்."

இலக்கணம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, பெரியவள் பெட்டியைத் திறந்து ஊருக்கு வேண்டியதைத் தேட ஆரம்பித்தாள். சித்தி ஜன்னலைப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அடுக்கின துணியெல்லாம் கட்டிலின்மேல் மலையாகக் குவிந்துகிடக்கிறது.

"ஏய்! அறிவிருக்கா உனக்கு?" சித்தியின் குரல் தெருவரை கேட்டிருக்கும். "மத்தியானம் பூரா நின்னு முதுகு ஒடிய இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சிருக்கேன், எருமை மாதிரி இழுத்துப் போடறே! எடுத்து வெய்டி ஒழுங்கா!"

சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இந்த மாதிரித் திட்டெல்லாம் இதுவரை அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. சித்திக்கும் தன் குரலைக் கேட்டுத் திக்கென்றது.

பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த பாவாடையைக் கோணல்மாணலாக மடித்துக்கொண்டே சொன்னாள்.

"சும்மா கத்தாதே சித்தி. வெக்கறேன்ல."

இத்தனை வருஷத்தில் அவள் சித்தியிடம் 'நீங்க'வை விட்டு 'நீ' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பாவாடையைப் பிடுங்கிச் சரியாக மடித்துக் கொடுத்தாள்.