நிர்வாகித் தேர்வும் கார் சாவியும்

என் மனைவி ஒப்துலியா நிர்வாகித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாள். படிக்காமல் இல்லை. யாருக்காவது ஒன்று என்றால் அவளுக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது, அதுதான் வினை.

வெஸ்லக்கோ ஊரில் வீடு வீடாக ஆள் அனுப்பி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. முதலாளியம்மா நெல்டாதான் இத்தனை காலமும் நிர்வாகி. முழங்கால் விட்டுப்போய் இப்போது ஓய்வு பெறுகிறார். தேர்வில் தேறிய நிர்வாகி இல்லாமல் நிறுவனம் நடத்த அரசாங்கம் விடாது. ஒப்துலியா மூன்றாவது தடவையும் தவறினால் ஹூஸ்டன்காரர்களுக்கு விற்றுவிடுவேன் என்று நெல்டா சொல்லிவிட்டார். இவள் அந்த நாற்காலிக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுத்தலைக் கறியைத் தொர்த்தியா ரொட்டியில் சுருட்டித் தின்றுகொண்டே கேள்வி கேட்டேன்.

“பணிப்பெண் போன் பண்றா. பெரியவர் கீழ விழுந்துட்டாராம். நிர்வாகி முதல்ல என்ன செய்யணும்?”

“நான் போயிடுவேன்.”

“வீட்டுக்காரங்க புகார் சொல்றாங்க?”

“நேர்ல போய் ஒரு வாய் காப்பி குடிச்சாத் தீந்துபோச்சு.”

“நர்ஸ் வரல?”

“அப்பவும் நான்தான்!”

“இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே ரெண்டு தடவை மண்ணக் கவ்வினே!”

“பின்ன? மனுஷன் தரையில கெடக்கறார். நான் இங்க உக்காந்து நகத்துக்குச் சாயம் பூசவா?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “ஒரே நேரத்துல ரெண்டு பேர் விழுந்தா எந்த வீட்டுக்குப் போவே?”

மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். மேசைமேல் கிடந்த அவளுடைய கார் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“இனி இது என்கிட்ட. உன்னால போக முடியாது. இப்பச் சொல்லு.”

முறைத்தாள். என்னை ஒரு வசவு வைதாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “தூக்காதேன்னு சொல்லுவேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுவேன். நர்ஸுக்குச் சொல்லுவேன். அவர் மகளுக்குச் சொல்லுவேன். நடந்ததை எழுதி வைக்கச் சொல்லுவேன்.” அன்று முழுக்க எல்லாக் கேள்விக்கும் சரியாகவே சொன்னாள்.

தேர்வு நாளன்று வண்டியை நானே ஓட்டினேன். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, “சாவி பத்திரம்யா,” என்றாள். கம்ப்யூட்டர் தேர்வு, முடிவு அங்கேயே வந்துவிடும்; வெளியே வரும்போது முகத்திலேயே தெரிந்துவிட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “தேறிட்டேன்யா!” என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கியது. வெயில் கூசுகிறது என்று சமாளித்தேன்.

பாதி வழியில் அவள் போன் அடித்தது. யாரெட்சி, அவள் அனுப்பிய பணிப்பெண். அந்தப் பெண் பார்த்துக்கொள்ளும் பழைய லாரி டிரைவர் லியோகாதியோ, கைத்தடி என்றாலே ஆகாத அந்தப் பிடிவாதக்காரர், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம்.

“தூக்காதே, கண்ணு. பேசறாரா? திட்டறாரா? திட்டறார்னா நல்லதுதான். ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நர்ஸுக்கும் மகளுக்கும் நான் சொல்லிடறேன். அவர் பக்கத்துலயே இரு. அப்புறம் எல்லாத்தையும் எழுதி வை.” கடைசியில் “நான்...” என்று தொடங்கியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள். நர்ஸிடமும் மகளிடமும் பேசி முடித்தாள். பிறகு கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியே பார்த்தாள்.

“யோவ், இது நம்ம வீட்டுக்குப் போற வழி இல்லையே.”

“இல்ல.”

“நிர்வாகி போகக் கூடாதுய்யா. ஆள் அனுப்பணும். இப்பத்தானே எழுதிட்டு வந்தேன்.”

“நீ எங்க போறே? செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சுட்டுச் சும்மாதானே உக்காந்திருக்கே. சாவி என்கிட்ட இருக்கு. போறது நான்.”

என் தோளில் ஓங்கி ஒரு அடி விழுந்தது.

“அப்பக் கொஞ்சம் வேகமாத்தான் போயேன்,” என்றாள் நிர்வாகி.