தலைக்கு ஒரு வானவில்

சாலையில் வெள்ளைக் கோடு போடுகிற கூட்டம் எங்களுடையது. காய்ச்சிய பெயிண்டை வண்டி ஊற்றிக்கொண்டே போகும். அதன் வாலைப் பிடித்த மாதிரி நான் கண்ணாடி மணியைத் தூவிக்கொண்டு நடப்பேன். மணி என்றால் கோக்கிற மணி இல்லை. உப்பைவிடப் பொடிசு. கையில் அள்ளினால் மாவாக வழுக்கும், ஆனால் ஒவ்வொன்றும் அச்சு அசல் உருண்டை. இருட்டில் வண்டி விளக்கு அதில் பட்டால் வெளிச்சம் வந்த வழியே திரும்பி ஓட்டுகிறவர் கண்ணுக்குப் போகும். கோடு பளிச்சென்று தெரிவது அந்தப் பொடியால்தான்.

என் மனைவிக்கு அதே கூட்டத்தில் கொடி வேலை. எங்களுக்கு வெகுதூரம் முன்னால் தனியாக நின்று சிவப்புக் கொடியால் வண்டிகளை நிறுத்த வேண்டும், பச்சையால் விடவேண்டும். அவளுக்கு இடது கண் பிறவியிலிருந்தே மங்கல். வலது கண்ணை நம்பித்தான் பிழைப்பு. அந்த வலது கண்ணில் புரை விழுந்தது.

விழுந்ததை அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "தெரியுதா?" என்று கேட்டால், "ஏன் தெரியாம? உங்க தலை நரைச்சதுகூடத் தெரியுது" என்பாள். சொல்லும்போதே கை போய் டம்ளரைத் தட்டிவிடும். ஒருநாள் எதிரே லாரி வருவது தெரியாமல் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டு நடுச்சாலைக்குப் போய்விட்டாள். பெயிண்டு காய்ச்சுகிற கொப்பரை ஓடிப்போய் இழுத்துப் போட்டான். கொப்பரை என்பது நாங்கள் வைத்த பேர், அவன் வேலைக்கும் வயிற்றுக்கும் சேர்த்து. அவன் இழுத்த இழுப்பில் அவள் மேல்சட்டையின் கை அவனோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

கட்டு அவிழ்த்த அன்றைக்குக் கேட்டேன், "எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது."

அதே சொல், அதே குரல். எழுத்துப் பலகையை முழுக்கப் படித்தாள் என்று டாக்டர் சொன்னார். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் படித்ததைக் கேட்டு ஒப்பித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. செய்யக்கூடியவள்தான்.

மறுநாளிலிருந்து கொடிக்கு வரலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் கொடிக்கு நிறுத்தாதீர்கள் என்று மேஸ்திரியிடம் நானே சொல்லிவிட்டால், அவள் என் முகத்திலேயே விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால் இன்னொரு லாரி வரும். அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவள் மத்தியானம் தாண்டிக் கிடங்குக்கு வந்தாள், கொடியையும் புது மேல்சட்டையையும் வாங்கிக்கொள்ள. நாங்கள் மணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கொப்பரை தூக்கச் சோம்பல்பட்டு ஒரு மூட்டையை இழுத்தான். அது வண்டிக் கதவின் கொக்கியில் மாட்டி நெடுக்கக் கிழிந்தது. புதிதாகத் தார் போட்ட கறுப்பு முற்றம் முழுக்க மணி கொட்டிப் பரவியது.

"கூட்டித் தொலைங்கடா! எவனாவது வழுக்கி விழுந்து பல்லு போகப்போவுது!" என்று மேஸ்திரி கத்தினார்.

நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெயில் என் முதுகில் சாய்வாக அடித்தது. முன்னால் என் நிழல். அந்த நிழலின் தலையைச் சுற்றி, தாரின் மேல், முழு வட்டமாக ஒரு வானவில்.

"இங்க வாயேன்! என் தலையைச் சுத்தி வானவில்லு பாரு!"

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"ஆமாங்க! ஆனா உங்க தலையைச் சுத்தி இல்லையே. என் தலையைச் சுத்தியில்ல இருக்கு!"

நான் அவள் நிழலைப் பார்த்தேன். வட்டத்துக்கு நடுவில் இருந்தது என் தலை. அவள் தலை ஓரமாக நின்றது, அதைச் சுற்றித் தனியாக எதுவும் இல்லை.

"எங்க, சரியாப் பாரு."

"பாத்துட்டுத்தானே சொல்றேன். நடுவுல என் தலை, மகாராணி மாதிரி."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையேன்! இன்னும் எத்தனை நாளைக்குத்தான் நடிப்ப?"

முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவள் கையை இறக்கினாள்.

கொப்பரை நடுவில் புகுந்தான். "ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கிறீங்க? வட்டம் என் தலையைச் சுத்தி இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஆபரேஷன் பண்ணணும்."

"உன் தலையில முடியே நிக்கல, வானவில்லு வந்து நிக்குதாக்கும்" என்றாள் அவள், அந்தக் கோபத்திலும்.

திட்டிக்கொண்டே வந்த மேஸ்திரி குனிந்து பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. "டேய்... என் தலையைச் சுத்திடா!"

கோட்டின் பளபளப்பைக் கருவி வைத்து அளக்க வருகிற பொண்ணு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. "நாலு பேரும் சொல்றது சரிதான் அண்ணா. ஆளுக்கு ஒண்ணு."

"அதெப்படிம்மா?" என்று கேட்டேன்.

"வெயில் உங்க முதுகுப் பக்கம் இருக்கு. வெளிச்சம் மணிக்குள்ள நுழையும்போது வளையுது, பின்பக்கம் முட்டித் திரும்புது, வெளிய வரும்போது மறுபடி வளையுது. அப்படி வளையும்போது சிவப்பு ஒரு சாய்வுல போகும், நீலம் வேற சாய்வுல போகும். உங்க கண்ணுக்கு நிறத்தை அனுப்புற மணியெல்லாம் உங்க தலை நிழலைச் சுத்தித்தான் இருக்கும். அக்கா கண்ணுக்கு அனுப்புறது வேற மணி. உங்க வட்டத்தை அவங்க பாக்கவே முடியாது, அவங்களோடதை நீங்களும் பாக்க முடியாது."

"மழையில எல்லாரும் ஒரே வில்லைத்தானே பாக்குறோம்?"

"துளி தூரத்துல இருக்கிறதால அப்படி நினைச்சுக்கிறோம். அங்கயும் ஆளுக்கு ஒண்ணுதான்."

நான் ஓரடி நகர்ந்தேன். வட்டமும் நகர்ந்தது. உட்கார்ந்தேன், கூடவே இறங்கியது. விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் சொன்னதை அவள் ஒப்பித்திருந்தால் என் தலையைச் சுற்றி என்றுதானே சொல்லியிருப்பாள்? கண்ணால் பார்த்ததனால்தான் என்னோடு மல்லுக்கு நின்றாள்.

எழுந்து அவள் பக்கத்தில் போனேன். "எந்த நிறம் வெளியில இருக்கு?"

"பரீட்சையா?"

"சொல்லேன்."

மறுபடியும் இடது கண்ணைப் பொத்தினாள். "சிவப்பு வெளியில. அப்புறம் மஞ்சள், பச்சை. உள்ள நீலம்." இன்னும் குனிந்து பார்த்தாள். "ஏங்க, நீலம் எப்பவுமே இவ்வளவு நீலமாத்தான் இருந்துச்சா? எனக்கு எல்லாமே டீ வடிகட்டுற துணி மாதிரி ஆயிப் போயிருந்துச்சு."

ஆபரேஷன் செய்த டாக்டரை நான் முகமூடியோடுதான் பார்த்திருந்தேன். தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. அந்தம்மாவின் கை நன்றாக இருக்கவேண்டும் என்று நின்ற இடத்திலேயே கும்பிட்டுக்கொண்டேன். மேஸ்திரி மறுபடி கொப்பரையைத் திட்ட ஆரம்பித்திருந்தார். நான் போய் அவனைக் கட்டிப்பிடித்தேன்.

"மூட்டையைக் கிழிச்சதுக்கா? வெயில் மண்டையில ஏறிடுச்சாண்ணே?"

"ஏறட்டும்டா" என்றேன்.

அவள் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தாள். "பொய் சொல்றேன்னுதானே நினைச்சீங்க?"

"ஆமா."

"முன்னாடி சொன்னதெல்லாம் பொய்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது நிஜம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "என்னப்பா, நாளைக்கு இவங்களைக் கொடிக்கு அனுப்பலாமா?"

"அனுப்புங்க மேஸ்திரி."

அவள் கூட்டவிடவில்லை. கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க என்று விளக்குமாற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் தலையின் நிழலைப் பார்த்தேன். எனக்கு அங்கே வெறும் தார்தான் தெரிந்தது. அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, ஒரு காலில் சாய்ந்து, பிறகு மறு காலில் சாய்ந்து, தன் வட்டத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.