இரண்டாவது பெயர்

மருத்துவக் கல்லூரி முடிய இன்னும் ஒரு வாரம். அமெரிக்க மத்திய அரசிடம் படிப்புக் கடன் வாங்கியவர்கள் கிளம்புமுன் இணையத்தில் ஒரு பாடம் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பயிற்சி டாக்டராக இருக்கும் வருடங்களிலும் வட்டி ஏறுமா? ஏறும். படித்த தொழில் பிடிக்காமல் போனால் கடன் தள்ளுபடி ஆகுமா? ஆகாது. டெஸ்ஸா எல்லாவற்றையும் சரியாகவே சொன்னாள்.

கடைசிப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டாள். எங்கே போனாலும் அவள் இருப்பிடம் தெரிந்த இரண்டு பேர் வேண்டுமாம், வெவ்வேறு வீட்டில். கடன் கொடுத்தவன் அவளைத் தேடிப் பிடிக்க வழி வேண்டாமா! முதலில் அம்மா. அடுத்து? நான்கு வருடமாகப் பிணம் அறுக்கும் கூடமும் வார்டும்தான் அவள் உலகம். வெகுநேரம் யோசித்து, சொந்த மாநிலமான கென்டக்கியில் பள்ளியில் கூடப் படித்த டார்லாவைப் போனில் அழைத்தாள்.

"அடிப்பாவி, உயிரோடதான் இருக்கியா? என் கல்யாணத்துக்குக்கூட பரீட்சைன்னு வரல."

"மன்னிச்சுக்கடி. கடன் பேப்பர்ல உன் பேரைப் போட்டுக்கட்டுமா? ஜாமீன் எல்லாம் இல்ல. நான் எங்க இருக்கேன்னு எப்பவும் தெரிஞ்ச ஆள் வேணுமாம்."

"அதுக்கென்ன, தாராளமா போட்டுக்கோ" என்றாள் டார்லா. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆமா, இப்போ நீ எந்த ஊர்ல இருக்கே?" என்று கேட்டாள்.