ஹத்சுவின் வலது காது

வெளியாள் வருகிறார் என்றால் மினெகோவின் கை அவளைக் கேட்காமலே துடைப்பத்தைத் தேடும். மருமகளாக அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளிலிருந்து வந்த பழக்கம். ஆகவே, பராமரிப்புக் காப்பீட்டு மதிப்பீட்டுக்கு நகராட்சியிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று தெரிந்ததும், எதை மறைக்கக் கூடாதோ அதையெல்லாம் அவள் மறைத்து வைத்தாள். நனைந்த மெத்தையைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். மாமியார் ஹத்சு ஆத்திரத்தில் கிழித்த காகிதக் கதவுக்கு ராவோடு ராவாகப் புதுக் காகிதம் ஒட்டினாள். மூத்திர நாற்றம் போக எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து, விரிகுடாவின் குளிரையெல்லாம் வீட்டுக்குள் வரவழைத்தாள். கடைசியாக மாமியாரைக் குளிப்பாட்டி, ஊதா நிறக் கம்பளிச் சட்டை போட்டு, தலை வாரி, குட்டை மேஜையின் முன்னால் உட்கார வைத்தாள்.

வேண்டியது என்னவோ நேர் எதிரானது. ஹத்சுவின் இயலாமைக்கு மூன்றாம் நிலை என்று தீர்ப்பு வந்தால்தான் குன்றின்மேல் இருக்கிற முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பெயர் பதிய முடியும். அங்கே செலவின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும். அதற்குக் கீழே ஒரு படி குறைந்தாலும் வீடுதான், மினெகோதான். தனியார் இல்லங்கள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. மீன் ஏலக் கூடத்தில் வேலை பார்த்துச் செத்துப்போனவனின் ஓய்வூதியத்தில் பாதியை வாங்கிப் பிழைக்கிற விதவை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது.

மதிப்பிட வந்தவள் நொஜிரி. நடுவயதுக்காரி, நல்ல மாதிரி. குனிந்து வணங்கி, செருப்பைத் திருப்பி வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஹத்சு-சான், சௌக்கியமா இருக்கீங்களா? உங்க முழுப் பேரு என்னன்னு சொல்ல முடியுமா?"

மினெகோ மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். மாமியார் தன் பெயரைச் சொல்லி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. கண்ணாடியில் தெரிகிற கிழவியைப் பார்த்து 'யாரு வந்திருக்காங்க பாரு, டீ குடு' என்கிறவள்.

ஹத்சு தலையை வலப்பக்கமாகச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் எதையோ கேட்பதுபோல் இருந்தாள். பிறகு குலப்பெயரோடு தன் பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.

"பிறந்த தேதி?"

மறுபடியும் தலை சாய்ந்தது. "ஷோவா ராஜாவோட எட்டாம் வருஷம். பிப்ரவரி. பனி கூரை வரைக்கும் கொட்டிக் கெடந்துச்சாம். மருத்துவச்சி ஜன்னல் வழியா உள்ள வந்தாளாம்."

"அட! இப்ப என்ன காலம்னு தெரியுதா?"

"குளிர்காலம் ஆரம்பிச்சாச்சு. இடி இடிக்குது, வலையில பெரிய மீனு விழ ஆரம்பிச்சிருக்கும்."

நொஜிரி சிரித்துக்கொண்டே எழுதினாள். மினெகோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமியாரின் வலப்பக்கம் கிடந்த காலி இருக்கை மெத்தையை அவள் பார்த்தாள். காலையில் தட்டி உப்ப வைத்த மெத்தை அது. இப்போது நடுவில் அமுங்கி இருந்தது. யாரோ கனமான ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் எப்படி அமுங்குமோ அப்படி.

யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஹத்சுவுக்கு இடது காது ஐம்பது வயதிலேயே அடைத்துப் போனது. கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் மகன் யசுமாசா அவள் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களின் பெயரையும் உறவையும் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே இருப்பான். அம்மா நாலு பேர் முன்னால் தடுமாறிவிடக் கூடாது அவனுக்கு. மினெகோவின் புருஷன் அவன். செத்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டுப் பூஜை மாடத்தில் படமாக இருக்கிறான், காலையில் வடிக்கிற முதல் பிடி சோறு அவனுக்குத்தான்.

"உங்களுக்கு ஏதாவது சிரமம் இருக்கா, மினெகோ-சான்?" என்று நொஜிரி இவள் பக்கம் திரும்பினாள்.

அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். மனுஷிக்கு வாய் இருந்தது, சொல்லவும் மலையளவு இருந்தது. ஆனால் வெளியாளிடம், அதுவும் மாமியாரை எதிரே வைத்துக்கொண்டு? "அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. எல்லாரோட தயவுல நல்லாத்தான் போகுது" என்றாள் மினெகோ, தலையைத் தாழ்த்தி. பழகிய நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

இரண்டாம் நிலை என்று கடிதம் வந்தது. ஓசாகாவிலிருந்து நாத்தனார் நட்சுயோ போன் பண்ணினாள்.

"நான்தான் சொன்னேன்ல அண்ணி? போன்ல எங்கிட்ட அம்மா எவ்ளோ தெளிவாப் பேசுறாங்க தெரியுமா? எம்புள்ளைங்க பேரு கூடச் சொன்னாங்க."

"வந்து ரெண்டு நாள் இருந்து பாத்துட்டுப் போயேன்."

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? கடைய விட்டுட்டு நகர முடியல. நீங்க தைரியசாலி அண்ணி, அண்ணன் எப்பவும் சொல்லுவான்."

தைரியசாலியாம். தொலைவில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பட்டம் கொடுப்பதில் ஒரு கஞ்சத்தனமும் கிடையாது.

அந்தக் குளிர்காலம் மினெகோவை அரைத்துப் போட்டது. ஹத்சு பனியில் வெறுங்காலோடு இறங்கித் துறைமுகம் நோக்கி நடந்தாள். சோற்றைச் சட்டைப் பைக்குள் திணித்தாள். துணி மாற்ற வருகிற மருமகளை 'திருடி' என்று கத்திக் கையைக் கடித்தாள். அப்புறம் திடீரென்று வலப்பக்கம் சாய்ந்து, யாருக்கோ தலையாட்டிச் சிரிப்பாள். சாப்பிடும்போது ஒரு துண்டு முள்ளங்கியை எடுத்துப் பக்கத்து மெத்தை முன்னால் வைப்பாள். மினெகோ அதைத் துடைத்து எடுப்பாள். அந்த மெத்தையை அலமாரிக்குள் பூட்டியும் பார்த்தாள். மாமியார் வெறும் பாய்மேல் அதே இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு நாள் குளியலறையில் அது நடந்தது. ஹத்சு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்தவள் சற்றே சரிந்தாள். முகவாய் நீருக்குள் போனது, பிறகு உதடு, பிறகு மூக்கு. மினெகோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டினால் எட்டும். அவள் கை நீட்டவில்லை. நீர்மேல் நரைமுடி விரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் ஒரு சத்தமும் இல்லை, பயமும் இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல் ஒரு லேசான தன்மை மட்டும் இருந்தது. பிறகு யாரோ பிடரியில் அறைந்த மாதிரி விழித்து, கிழவியைத் தூக்கி நிறுத்தினாள். ஹத்சு இருமி இருமி அழுதாள். மினெகோ அவளைவிட அதிகமாக அழுதாள்.

மாமியாரைப் படுக்க வைத்துவிட்டு நேரே பூஜை மாடத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஊதுபத்தி ஏற்றவில்லை, மணி தட்டவில்லை.

"ஏங்க, உங்களுக்கு வெக்கமா இல்ல? சாகும்போது கையப் பிடிச்சுக்கிட்டு 'அம்மாவ எங்கயும் கொண்டுபோய்த் தள்ளிடாத'ன்னு சத்தியம் வாங்குனீங்க. சரி, குடுத்தேன். செத்தப்புறமாவது சும்மா இருந்தீங்களா? ஜம்முனு மெத்தையில உக்காந்துக்கிட்டு அம்மாவுக்குப் பாடம் சொல்லித் தர்றீங்க. அவங்க மானம் போயிடக்கூடாது, இல்ல? பீ அள்றது யாரு? நீங்களா? ஒரு நாளாவது ராத்திரி எந்திரிச்சு அவங்களுக்குத் துணி மாத்தி விட்டீங்களா?"

படத்தில் யசுமாசா எப்போதும்போல் ஏலக் கூடத்துத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு நான் கொலைகாரி ஆகிருப்பேன்" என்றாள் மினெகோ. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே உறைத்தது. "கேக்குதா? உங்க அம்மாவ நான் கொன்னுருப்பேன். அடுத்த தடவ கை நீட்டுவேனான்னு எனக்கே தெரியாது. அவங்க உயிரோட இருக்கணும்னா அவங்கள எங்கிட்டருந்து காப்பாத்துங்க."

உள்ளறையில் ஹத்சு தூக்கத்தில் ஏதோ முனகினாள்.

மினெகோ மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தாள். நொஜிரியே திரும்ப வந்தாள், கூரைப் பனி உருகிச் சொட்டுகிற பருவத்தில்.

இந்தத் தடவை மினெகோ துடைப்பத்தைத் தொடவில்லை. தொடாமலிருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நனைந்த மெத்தை கூடத்திலேயே கிடந்தது. கிழிந்த கதவு கிழிந்தபடி நின்றது. நொஜிரி உள்ளே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தபோது, தன் துணியை யாரோ உருவியதுபோல் மினெகோவின் காது மடல் வரை எரிந்தது. ஆனாலும் கேட்டதற்கு வாயைத் திறந்தாள்.

"என்னால முடியல, நொஜிரி-சான். நேத்துத் துறைமுகத்துலருந்து போலீஸ்காரரு கூட்டிட்டு வந்தாரு. குளிப்பாட்ட எனக்குப் பயமா இருக்கு. அவங்களப் பாத்து இல்ல, என்னைப் பாத்துத்தான் பயம்."

நொஜிரி பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு கிழவியின் பக்கம் திரும்பினாள்.

"ஹத்சு-சான், உங்க பேரு சொல்லுங்க."

ஹத்சு தலையை வலப்பக்கம் சாய்த்தாள். மினெகோவுக்கு உயிரே போய்விட்டது. ஆரம்பித்துவிட்டான், பாவி. செத்தும் திருந்தாத ஜன்மம்.

"தெரியலையே" என்றாள் ஹத்சு.

"எந்த வருஷம் பிறந்தீங்க?"

தலை சாய்ந்தது. "தெரியல."

"இப்ப என்ன காலம்?"

வெளியே பனி உருகித் தாழ்வாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஹத்சு அதைப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் சாய்ந்து கேட்டாள். "தெரியல."

ஒவ்வொரு 'தெரியல'வுக்கும் மினெகோவின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான், அதனால்தான் கிழவிக்கு ஒன்றும் வரவில்லை என்று நினைத்தாள். சண்டை போட்டது வீண்போகவில்லை. நன்றி சொல்லக்கூடத் தோன்றியது அவளுக்கு.

"சரி, கடைசியா ஒண்ணு" என்று நொஜிரி மினெகோவைக் காட்டினாள். "இவங்க யாரு?"

ஹத்சு மினெகோவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் திறந்தது, மூடியது. வலப்பக்கம் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி சாய்ந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது, வயதானவர்களுக்குச் சும்மாவே கட்டுகிற நீர்.

"தெரியல" என்றாள். "இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியல."

நொஜிரி காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். முகப்பில் செருப்பை மாட்டியபடி மெதுவாகச் சொன்னாள்: "நான் தீர்ப்பு சொல்ற ஆள் இல்ல. ஆனா இந்தத் தடவ கெடைக்கும்னு நெனைக்கிறேன். உடம்பப் பாத்துக்குங்க."

மினெகோ தரை வரை குனிந்து வணங்கினாள். எழ முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். உள்ளே திரும்பி வந்து, டீக் கோப்பைகளை எடுக்கக் குனிந்தாள்.

"நான் சரியாச் சொன்னேனா, மினெகோ?"

கோப்பை கையிலேயே நின்றது. மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கடைசியாக எப்போது என்று நினைவில்லை.

"என்ன கேட்டாலும் 'தெரியல'ன்னு சொல்லச் சொன்னான் யசுமாசா" என்றாள் ஹத்சு. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் பதற்றம் அவள் குரலில் இருந்தது. "அப்பத்தான் நீ தூங்குவியாம். மத்ததெல்லாம் சொல்லிட்டேன். உன்னைக் காட்டிக் கேட்டாங்க பாரு, அதுக்கு மட்டும் எனக்கு வாயே வரல. அவன் ரெண்டு தடவ சொல்ல வேண்டியதாப் போச்சு."

வெளியே நொஜிரியின் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. சந்து குறுகல், பனிக்குவியல் வேறு. கார் பின்னால் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. வாசலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டிருந்தால் அவள் காதில் விழுந்திருக்கும்.

மினெகோ கூப்பிடவில்லை.

"சரியாச் சொன்னீங்கம்மா" என்றாள்.