பக்கத்தின் அடியில் உள்ள தேதி

"தேதிய மாத்துங்கன்னுதானே சொல்றேன். யாரையோ கொல்லச் சொன்ன மாதிரி முழிக்கறீங்க."

"தேதி மட்டும் இல்லியே சார். எச்சரிக்கை ஒண்ணும் சேக்கச் சொல்றீங்க."

"இருந்திருக்க வேண்டிய எச்சரிக்கைதானே அது?"

இருந்திருக்க வேண்டியதுதான். நான் விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தேன். மேலாளர் என் மேசை விளிம்பில் சாய்ந்து நின்று, என் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மூன்று மணிக்கு விசாரணை. சுவர்க்கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் தொலைபேசி இணைப்பு தருகிறது. பில் எந்தத் தேதியில் போக வேண்டும், எந்த முகவரிக்கு, பணம் வரத் தாமதமானால் இணைப்பைத் துண்டிக்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பத்துப் பன்னிரண்டு அமைப்புகள். ஒவ்வொன்றாக மாற்ற ஆயுசு போதாது என்று, ஆயிரம் பேருக்கும் ஒரே மூச்சில் மாற்ற ஒரு மென்பொருள் கருவி செய்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதியவள் நான்.

அதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். புரோகிராம் தெரிந்தவர்கள் நேரடியாகக் கட்டளை அனுப்பலாம். தெரியாதவர்கள் எக்செல் ஷீட் ஒன்றை நிரப்பி ஏற்றலாம். கட்டளையில் எதைக் குறிப்பிடவில்லையோ அதைக் கருவி தொடாது. இதை நானே பதினொரு முறை அனுப்பிப் பார்த்துத்தான், 'மாற்ற வேண்டாதவற்றை விட்டுவிடவும்' என்று எழுதினேன். அடுத்தது ஷீட் பற்றிய பக்கம். அந்த வாக்கியத்தையே நகலெடுத்து ஒட்டி, 'காலியாக விட்டுவிடவும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஷீட்டை மட்டும் ஏற்றிப் பார்க்கவில்லை. காலிக் கட்டம் என்றால் அழித்துவிடு என்று கருவி எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை என் தம்பி ஆயிரத்து முந்நூறு வாடிக்கையாளர்களின் பில் தேதியை மாற்றினான். அவன் மூன்றாவது மாடியில் வாடிக்கையாளர் பிரிவில் இருக்கிறான். அவனுடைய வேலை விண்ணப்பத்தை உள்ளே கொண்டுவந்து கொடுத்ததே நான்தான். தேதிக் கட்டத்தை நிரப்பினான், மற்றவற்றைக் காலியாக விட்டான். 'துண்டிக்கக் கூடாது' என்ற குறி ஆயிரத்து முந்நூறு பேருக்கும் அழிந்தது. மறுநாள் காலை, பாக்கி வைத்திருந்த நாற்பத்தாறு இடங்களில் இணைப்பு தானாகவே துண்டானது. அதில் ஒன்று முதியோர் இல்லம். அங்கே குளியலறையில் விழுந்தவர் அவசரப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பிழைத்துவிட்டார் என்று சொன்னார்கள். எந்த நிலையில் என்று சொல்லவில்லை.

"பக்கத்துல எச்சரிக்கை இருந்தா, படிக்காதவன் தப்பு," என்றார் மேலாளர். "இல்லேன்னா எழுதினவங்க தப்பு. படிச்சுப் பாக்காமலே சரின்னு கையெழுத்து போட்டவன் தப்பு. போட்டது நான்."

"அந்தப் படிக்காதவன் என் தம்பி சார்."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்து நிக்கறேன். அவனுக்கு இருபத்து மூணு வயசு, இன்னொரு வேலை தேடிக்குவான். எனக்கு அம்பத்தொண்ணு. உங்களுக்குக் கையில குழந்தை, வீட்டுக்காரர் ஆறு மாசமா வீட்டுல. நான் சொல்லணுமா?"

பேனாவை வைத்துவிட்டுப் போனார். மூடியைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

பக்கத்தின் அடியில் உள்ள 'கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி'யை நாங்கள் கையால்தான் தட்டச்சு செய்கிறோம். இடத்தை அடைக்கிறது என்று பழைய பதிப்புகளைச் சேமித்து வைப்பதைப் போன வருடமே நிறுத்தியாயிற்று. திருத்திவிட்டால், பழைய பக்கம் என் கணினியில் உள்ள நகலில் மட்டும்தான் இருக்கும்.

எழுதினேன். 'கவனம்: ஷீட்டில் காலியாக விடப்படும் கட்டம், வாடிக்கையாளரின் பழைய அமைப்பை அழித்துவிடும். திரும்பப் பெற முடியாது.' இந்த வேலைக்கு வந்து நான்கு வருடங்களில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை. தேதியை ஏழு வாரம் முந்தையதாக மாற்றினேன். சேமித்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்து மறைந்தது. சன்னலுக்கு வெளியே வண்டிகள் சிக்னலில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்றன. உலகத்தில் எங்கோ ஓர் ஊரில் இந்த நேரத்தில் மழை பெய்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

"என்ன எழுத்தாளரே, சாப்பிட்டாச்சா?"

தம்பி. சட்டையின் மேல் பொத்தான் ஒன்று தவறிய துளையில் மாட்டியிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"அட்டை எங்கடா?"

"வாங்கிட்டாங்க. மாடி ஏறவே வாட்ச்மேன் அண்ணனக் கெஞ்ச வேண்டியதாயிடுச்சு. லாகினையும் நிறுத்திட்டாங்க." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ரெண்டு நாளா எனக்கே சந்தேகம்க்கா. நான்தான் சரியாப் படிக்கலையோ, கண்ணு பொடனியிலயா இருந்துச்சுன்னு. ஆனா நல்லா ஞாபகம் இருக்கு. காலியா விடவும்னுதான் இருந்துச்சு. இல்ல?"

நான் திரையைச் சற்றே என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மத்தவங்க எழுதினதுன்னா ரெண்டு தடவ கேட்டிருப்பேன்," என்றான். "உன் பக்கம்னு பாத்ததும் கண்ண மூடிட்டு ஏத்திட்டேன். பயப்படாத, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தக் கருவியச் செஞ்சவங்களத்தான் நார் நாராக் கிழிப்பாங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா சொல்லிக்கறேன்." சிரிக்கப் பார்த்தான். அது பாதியிலேயே நின்றுவிட்டது. "அந்தப் பெரியவர் பேரு கூட எனக்குத் தெரியாதுக்கா. ஷீட்டுல அவரு இருந்த இடம் எழுநூத்திச் சொச்சமாவது வரி. அவ்ளோதான் தெரியும்."

எழுந்து மூலையில் இருந்த பிரிண்டரிடம் போனான். தாள் தட்டைத் திறந்து பார்த்து, ஒரு கட்டுத் தாளைத் தட்டிச் சமன் செய்து உள்ளே வைத்தான். பிறகு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

"மூணு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெறுங்கையோட போனா யார் நம்புவாங்க? அந்தப் பக்கத்த மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுக் குடுக்கா."