முப்பத்தொன்றாவது ஆள்

மார்ச் மாதத்து மூன்றாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, 1863ஆம் ஆண்டில் அமெரிக்க மாநிலமொன்றின் சட்டசபையில் இருந்த முப்பது உறுப்பினர்கள், பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பஜோல் தெருவில் இருக்கும் கிரிகோரியின் சாப்பாட்டுக்கடைப் பின்மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் வெண்டைக்காய் கிலோ ஆறு யூரோ.

மண்டபத்தில் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் யோகராணி தனியே இருந்தாள். முப்பத்தொரு பேர் வந்தால்தான் பொதுக்கூட்டம் செல்லும். மூன்று வருடம் தொடர்ந்து ஆள் காணாதென்றால் சங்கம் கலையும். இது மூன்றாவது வருடம். தொலைபேசியில் எல்லோரும் "ஓம் அக்கா, கட்டாயம் வாறம்" என்றிருந்தார்கள். தலைவர் குணரத்தினம் லண்டனுக்குக் குடிபோய் ஆறு வருடம். கணவன் இறந்தபின், புறநகரான பியர்ஃபித்தில் உள்ள வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. மகன் கரிகாலன் மாதத்தில் ஒருதரம் பிரெஞ்சில் சுகம் கேட்பான். மின்சாரக் கடிதம்கூட இறந்தவர் பெயருக்குத்தான் வருகிறது. சங்கமும் போனால் தன் பெயர் எந்தத் தாளில் இருக்கும் என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள்.

வந்தவர்கள் உயரத் தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். தாடிகளில் இருந்த பனி மண்டபச் சூட்டிலும் கரையவில்லை. அவர்களுள் எழுதுவினைஞராக இருந்தவர் பேசிய மொழி அவளுக்குத் தெரியாது, ஆனால் கூட்டப் பேச்சென்பதால் விளங்கியது. அறுபது பேர் கொண்ட சபை. சபாநாயகர் தெரிவைத் தடுக்கவென்று எதிர்க்கட்சியார் முப்பது பேரும் ஆற்றைக் கடந்து அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். முப்பத்தொரு பேர் இல்லாமல் தெரிவும் இல்லை, ஒத்திவைப்பும் இல்லை. ஒருவர் குறைய, நூற்றறுபது வருடமாக ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

கிரிகோரி எட்டிப் பார்த்தான். "அக்கா, ஒருத்தரும் வராயினமெண்டு ரெண்டு றோல்ஸ்தான் பொரிச்சனான். இவை ஆர்?"

"சங்கத்து ஆக்கள். தேத்தண்ணி போடு."

அது பொய்யில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாத எவரும் உறுப்பினராகலாம் என்ற விதியை 1991இல் அவளே எழுதியிருந்தாள். வாசித்துக் காட்டினாள். முப்பது கைகள் உயர்ந்தன.

முதலில் அவர்களுடைய சபை. எழுதுவினைஞர் பெயர்களை வாசித்தார்; கடைசியாக, வெறும் கதிரைக்கு நேரே, "யோகராணி மார்க்கண்டு" என்றார். அவள் அந்தக் கதிரையில் போய் அமர்ந்து, "ஓம்" என்றாள். ஒரு மெலிந்த மனிதர் சபாநாயகரானார். அவரையே சங்கத்துக்கும் தலைவராக்கினார்கள். செயலாளராக அவள் பெயரை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்தார். அவள் பழக்கத்தில், "எனக்கு வேண்டாம், வேறை ஆரையும் போடுங்கோ" என்றாள். ஊர்க் கூட்டங்களில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு மற்றவர்கள் மூன்றுதரம் வற்புறுத்துவார்கள். இவர்கள் வற்புறுத்தவில்லை. எழுதுவினைஞர் மரியாதையாகத் தலையசைத்து, அவள் பெயரை வெட்டப் பேனையைத் தாழ்த்தினார்.

"வெட்டாதேங்கோ," என்றாள் யோகராணி. எழுந்து நின்றிருந்தாள். "எனக்கு வேணும்."

ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவள் அந்தச் சொல்லைச் சபையில் சொன்னதில்லை. முப்பத்தொரு வாக்குகள், அவளுடையதும் ஒன்று. பிறகு தொப்பிகளைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தை அடுத்த மார்ச் மூன்றாம் ஞாயிறுவரை ஒத்திவைத்து, மெத்ரோ நிலையப் பக்கமாக நடந்தார்கள்.

பின்னேரம் குணரத்தினம் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். "என்ன யோகராணி, சங்கம் கலைஞ்சுதோ?"

"இல்லை அண்ணை. ஆக்கள் வந்தவை."

"அப்ப என்ரை தலைவர் பதவி?"

"அது வேறை ஆளுக்குப் போயிட்டுது. கனகாலம் காத்திருந்தவர், அண்ணை."

அடுத்த மார்ச்சில் கிரிகோரி கேளாமலே முப்பத்தொரு கதிரை போட்டு, அறுபது றோல்ஸ் பொரித்தான். வெண்டைக்காய் ஆறரை யூரோ. யோகராணி இரண்டரைக்கே வந்து, கடைசிக் கதிரையில் அமர்ந்து, தன் பெயர் வரும்வரை காத்திருந்தாள்.